பம்பரம் விட்ட கையால் யோயோ பழகுவது: பெரியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்து இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பவர்களில் பலருக்கு ஒரு காலத்தில் பம்பரம் விடத் தெரிந்திருக்கும். பள்ளி விட்டதும் பையை வீட்டில் போட்டுவிட்டு, சாட்டையை ஆணியிலிருந்து மேல்நோக்கி நெருக்கமாகச் சுற்றி, தெருமண்ணில் ஓங்கி விட்ட அந்தக் கை இன்றும் நம்மோடுதான் இருக்கிறது. யோயோ பழக வருகிற பெரியவருக்கு அந்தப் பழக்கம் பெரிய துணை. ஆனால் ஓரிடத்தில் அதுவே பெரிய தடையும் ஆகிறது. பம்பரத்தை விடும்போது சாட்டையைச் சட்டென்று பின்னால் சுண்டி இழுக்கிறோம். யோயோவில் அந்தச் சுண்டலைச் செய்தால், கீழே நின்று சுழல வேண்டிய பொருள் உடனே கைக்குத் திரும்பிவிடும். எறிந்தபின் கையைச் சும்மா வைத்திருக்கப் பழகுவதுதான் யோயோவில் முதல் பாடம். நான் முப்பத்தொன்பதாவது வயதில் பாளையங்கோட்டையில் வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) நின்று இதைப் பழகத் தொடங்கியபோது இதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லாததால் பல வாரங்கள் வீணாயின. அப்படி உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எந்த யோயோவை வாங்குவது

இரண்டு வட்டுகள், அவற்றை இணைக்கும் ஓர் அச்சு, அச்சைச் சுற்றி ஒரு நூல்: யோயோ இவ்வளவுதான். எனினும் அந்த நூல் அச்சோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனித் தேரோட்டத்தின்போது ரதவீதிக் கடைகளில் குழந்தைகளுக்காகத் தொங்கும் மலிவான பிளாஸ்டிக் யோயோக்களில் பெரும்பாலும் நூல் அச்சில் இறுக முடிச்சிடப்பட்டிருக்கும். அவை கீழே போகும், மேலே வரும், வேறொன்றும் செய்யா. நூலை முடிச்சிடாமல் ஒரு வளையமாக அச்சில் மாட்டினால், நூலின் முனைக்குப் போன யோயோ அந்த வளையத்துக்குள்ளேயே நின்று சுழலும். பிலிப்பைன்ஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பெட்ரோ ஃபுளோரஸ் 1928-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் தொடங்கிய நிறுவனம் இந்த வளைய நூல் யோயோக்களைத்தான் விற்றது. இன்று நாம் காணும் வித்தைகளில் பெரும்பாலானவை அந்த வளையத்திலிருந்து பிறந்தவையே. ஆகவே கடையில் எடுத்தவுடன் நூலை முழுதும் இறக்கி, யோயோவைத் தொங்கவிட்டு, விரலால் வட்டைச் சுழற்றிப் பாருங்கள். நூல் அசையாமல் வட்டு மட்டும் சுழன்றால் அது நமக்கு ஆகும்.

அடுத்ததாக, அச்சின்மேல் பேரிங் உள்ள யோயோக்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்றில், கையைச் சிறிது சுண்டினால் யோயோ திரும்பி வரும். மற்றொன்றில் எவ்வளவு இழுத்தாலும் வராது. நூலை ஒரு குறிப்பிட்ட விதமாக மடித்து இரண்டு வட்டுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள் செலுத்தினால்தான் பிடித்துக்கொண்டு ஏறும். இந்தச் செயலுக்கு ‘பைண்ட்’ என்று பெயர். வித்தைகளில் தேர்ந்தவர்கள் பயன்படுத்துவது இரண்டாவது இனம். தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டியது முதல் இனம். இதைத் தெரிந்துகொள்ளாமல், ‘புதிதாகப் பழகுவோருக்கு ஏற்றது’ என்று எழுதியிருந்ததை நம்பி இணையக் கடை ஒன்றில் நான் வரவழைத்த அலுமினிய யோயோ இரண்டாவது இனமாக இருந்துவிட்டது. மூன்று வாரம் அது கீழேயே சுழன்று நின்றுபோக, என் மணிக்கட்டில்தான் குறை என்று எண்ணி வருந்தினேன். வாங்குமுன் ‘சுண்டினால் திரும்புமா’ என்ற ஒரே கேள்வியை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.

சில யோயோக்களோடு அகலமான பேரிங் ஒன்றும் குறுகிய பேரிங் ஒன்றும் சேர்ந்து வரும். குறுகியதை மாட்டினால் சுண்டலுக்குத் திரும்பும், அகலமானதை மாட்டினால் திரும்பாது. பெரியவர் ஒருவர் ஒரே முறை செலவழித்து நெடுநாள் வைத்துக்கொள்ள இதைவிட நல்லது இல்லை என்பது என் கருத்து. பேரிங்குகளில் மிகப் பரவலாகக் கிடைப்பது ‘சி’ எனப்படும் அளவு. அதன் வெளிவிட்டம் 12.7 மி.மீ., உள்விட்டம் 6.35 மி.மீ. இந்த அளவுள்ள யோயோவை எடுத்தால் பின்னாளில் மாற்றுப் பேரிங் தேடி அலைய வேண்டியதில்லை. வடிவத்தில், விளிம்பு விரிந்த பட்டர்ஃபிளை வகையை எடுங்கள். அதன் இடைவெளி வெளிப்புறம் அகன்றிருப்பதால் நூலின்மேல் யோயோவை இறக்குவது எளிது. முதல் யோயோ பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். அது பலமுறை தரையில் அடிபடும்; அலுமினியத்தில் ஏற்படும் கீறல் கூர்மையாக நின்று நூலையும் விரலையும் அறுக்கும்.

நூலை அளந்து கட்டுதல்

யோயோவைத் தரையில் வைத்து, நூலை நேராக மேலே இழுத்துப் பிடித்து, தொப்புளுக்கு நேராகவோ இரண்டு விரல்கடை மேலாகவோ வெட்டுங்கள். வாங்கும்போது உள்ள நீளம் பெரும்பாலும் நம்மவர்களின் உயரத்துக்கு அதிகமாகவே இருக்கும். வெட்டாமல் பழகினால் யோயோ தரையில் இடித்தே ஓய்ந்துவிடும். வெட்டிய முனையில் முடிச்சிட்டு ஒரு சிறு வளையம் செய்துகொள்ளுங்கள். அந்த வளையத்துக்குள் நேரடியாக விரலை விடக் கூடாது. வளையத்தின் வழியே நூலையே கொஞ்சம் இழுத்தெடுத்தால் இரண்டாவதாக ஒரு சுருக்கு வரும். நடுவிரலை அந்தச் சுருக்கில் நுழைத்து, முதல் கணுவுக்கும் இரண்டாவது கணுவுக்கும் இடையே இறுக்குங்கள். விரலின் அடியில் மாட்டுவோர் பலர். அங்கே மாட்டினால் விரலின் வீச்சு யோயோவுக்குப் போய்ச் சேராது.

யோயோ நூல் ஒரு நீள நூலை இரண்டாக மடித்து முறுக்கியது. அச்சில் மாட்ட, மடிப்புள்ள முனையை முறுக்குக்கு எதிராகத் திருகினால் அது பிரிந்து வளையமாகும். யோயோவை அதற்குள் நுழைத்து விட்டுவிட்டால் முறுக்கு தானே மூடிக்கொள்ளும். பேரிங் யோயோவுக்கு ஒரு சுற்று போதும். பாலியஸ்டர் நூலைத்தான் இன்று பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். பேரிங் இல்லாத மர அச்சு யோயோவுக்குப் பருத்தி நூல் மட்டுமே ஆகும், ஏனென்றால் உராய்வின் சூட்டில் செயற்கை இழை உருகிவிடும். மளிகைக் கடை நைலான் கயிறு எதற்கும் வேண்டாம். அது விரலை அறுக்கும். நூல் பிசிர் தட்டினாலோ அழுக்கேறித் தடித்தாலோ யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், ஏனெனில் வீச்சின் நடுவே அறுந்த நூலோடு பறக்கும் யோயோ யார் முகத்திலாவது போய் விழக்கூடும்.

இடமும் வேளையும்

வீட்டுக்குள் பழகுபவர்கள் முதலில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தலைக்கு மேல் கை நீளமும் நூல் நீளமும் சேர்ந்த அளவு வெட்டவெளி இருந்தாலன்றி வட்டமாக வீசும் எந்த வித்தையையும் வீட்டுக்குள் செய்யக் கூடாது. மொசைக் தரையும் சிமெண்டுத் தரையும் யோயோவை உடைக்கும் என்பதால், காலடியில் பழைய கோரைப்பாய் ஒன்றை இரண்டாக மடித்து விரித்துக்கொள்ளுங்கள். (பத்தமடைப் பட்டுப்பாயை இதற்கு எடுத்துவிட வேண்டாம், அது நெய்தவரின் உழைப்புக்கு இழுக்கு.)

தட்டட்டிதான் நல்ல இடம். சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்வது உத்தமம். வியர்த்த விரலில் நூல் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும், அதனால் நூலைத் தொடும் விரல்களில் துளி முகப்பவுடர் தடவிக்கொள்ளலாம். ஆடி மாதத்தில் நிலைமை வேறு. வள்ளியூர், பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று நூலையும் விட்டுவைக்காது. யோயோ நேராக நின்றாலும் நூல் வில்லாக வளைந்து விலகிப் போகும். ஆடியில் நான் தார்சாவுக்குள் (வீட்டின் முன்கூடத்துக்குள்) வந்துவிடுவேன்.

எறிதல்

இனி வருவதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. முதல் இரண்டு வாரமும் வேறு எதையும் பழகாமல் இதை மட்டும் பழகினால் நாள் வீணானதாகக் கருத வேண்டாம்.

வலக்கைக்காரருக்குச் சொல்கிறேன், இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளவும். உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, யோயோவை அதன் விளிம்புகள் விரல்களின் நீளவாக்கில் இருக்கும்படி வையுங்கள். நடுவிரலிலிருந்து புறப்படும் நூல் யோயோவின் மேற்புறமாகப் போய்ச் சுற்றியிருக்க வேண்டும். கீழ்ப்புறமாகப் போனால் யோயோ விரலிலிருந்து உருண்டு செல்லாது, தடுமாறி விழும். முழங்கையை மடக்கி, புஜத்தைக் காட்டுவதுபோல யோயோவைக் காதருகே கொண்டு வாருங்கள். அங்கிருந்து முன்கையை நேர்கீழாக இறக்கி, கை இடுப்பு மட்டத்துக்கு வரும்போது மணிக்கட்டை வீசி, யோயோ நடுவிரலின் நுனியைக் கடைசியாகத் தொட்டு உருண்டு போகும்படி விடுங்கள். விட்டதும் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு நில்லுங்கள்.

யோயோ நூலின் முனையைத் தொடும் அந்த நொடியில் கை விறைப்பாக இருந்தால் யோயோ எகிறி, தளர்ந்த நூல் உள்ளே சிக்கி, உடனே மேலே ஏறிவிடும். அந்த நொடியில் கை ஓரங்குலம் கீழே விட்டுக்கொடுக்க வேண்டும். மேலிருந்து வீசிய பழத்தை உடையாமல் பிடிக்கக் கையைக் கொஞ்சம் கீழே தழைக்கிறோமே, அதே தழைவு. பம்பரம் விட்ட கைக்கு இது எதிரான பழக்கம் என்பதால் சில நாள் பிடிக்கும். அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடைசல் பட்டறையில் பெரியவர் ஒருவரிடம் பம்பரம் வாங்கப் போனபோது, புதிதாய்க் கடைந்ததைத் தரையில் விட்டுக் காட்டினார். அதன் ஆட்டம் அடங்கி அசையாமல் நின்றதும் நான் குனிந்து கையில் ஏந்தப் போக, “உறங்குதுல்லா, உறங்கும்போது கைய வைக்கப்பிடாது அண்ணாச்சி” என்றார். நம் ஊரில் ஒரே இடத்தில் நிலைகுத்திச் சுழலும் பம்பரத்தை உறங்குகிறது என்பார்கள். கீழே நின்று சுழலும் யோயோவையும் உலகெங்கும் உறங்குவதாகவே சொல்கிறார்கள். இந்த எறிதலின் பெயரும் ‘ஸ்லீப்பர்’, அதாவது உறங்குவது. வீட்டுக்கு வந்து அவர் சொல்லை நினைத்துக்கொண்டே எறிந்த அன்றுதான் என் யோயோ முதன்முறையாகப் பத்து நொடி நின்றது.

அடுத்து வரும் குறை சாய்வு. யோயோ உறங்கும்போது மேலிருந்து குனிந்து பாருங்கள். வட்டுகள் நூலுக்கு இருபுறமும் செங்குத்தாக நின்றால் எறிதல் நேரானது. ஒரு பக்கம் சாய்ந்து, நூல் ஒரு வட்டின் உட்சுவரில் உரசிக்கொண்டிருந்தால், அந்த உராய்வே சில நொடிகளில் சுழற்சியைத் தின்றுவிடும். சாய்வுக்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் கை உடலுக்குக் குறுக்கே வருவதுதான்; அப்போது யோயோ ஆள்காட்டி விரலையோ மோதிர விரலையோ கடைசியாகத் தொட்டுப் போகிறது. சுவரை வலத்தோளுக்கு ஒரு சாண் தள்ளி வைத்து நின்று, கை சுவருக்கு இணையாக இறங்குகிறதா என்று பார்த்துப் பழகுங்கள். வேகத்தைக் கூட்டிச் சாய்வைச் சரிசெய்ய முடியாது. பாதி வேகத்தில் நேராக எறியக் கற்றபின் வேகத்தைக் கூட்டுங்கள். பெரியவர்களுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு: சிறுவர்கள் நூறு முறை எறிந்து தாமாகத் திருந்துவதை, நாம் பத்து முறை எறிந்து, ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள முடியும்.

திரும்ப அழைப்பது எளிது. உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, மணிக்கட்டை மட்டும் மூன்று விரல்கடை மேலே சுண்டி உடனே தழைக்க வேண்டும். மேலே வருவது உங்கள் இழுப்பின் பலத்தால் அன்று, அதன் சுழற்சியின் பலத்தால். சுண்டித் தழைக்கும்போது ஒரு கணம் தளரும் நூல், இடைவெளியின் இருபுறமும் உள்ள ரப்பர் பேடுகளில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு சுழற்சியே நூலைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. தோளோடு சேர்த்து இழுத்தால் விரல்முட்டியில் அடிதான் படும். சுழற்சி செத்தபின் எவ்வளவு இழுத்தாலும் வராது, அப்போது கையால் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இருபது நொடி உறக்கம் தொடர்ந்து ஐந்து முறை கைகூடும்வரை அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம்.

நூலின் முறுக்கு

இதைப் பலர் சொல்லித் தருவதில்லை. ஒவ்வோர் எறிதலிலும் நூலின் முறுக்கு சிறிது சிறிதாகக் கூடவோ குறையவோ செய்கிறது. முறுக்கு மிகுந்தால் வளையம் அச்சை நெருக்கி, யோயோ சரியாக உறங்காது. கையில் தொய்வாகப் பிடித்தால் நூல் தன்னைத்தானே பின்னிக்கொள்ளும். முறுக்கு குறைந்தால் யோயோ திரும்ப மறுக்கும். நேற்று நன்றாக வந்தது இன்று வரவில்லை என்று மனம் தளர்வதற்கு முன், சுருக்கை விரலிலிருந்து கழற்றி, யோயோவைக் கையில் பிடித்துக்கொண்டு நூலைத் தொங்கவிடுங்கள். நூல் தானாகவே சுழன்று தன் இயல்புக்கு வந்து நிற்கும். பத்து எறிதலுக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

வித்தைகள், ஒன்றன்பின் ஒன்றாக

முதலில் முன்வீச்சு. கையைத் தொடையருகே தொங்கவிட்டு, புறங்கை முன்னோக்கியிருக்க, யோயோவை முன்னால் வீசி, அது திரும்பும்போது உள்ளங்கையை மேலே திருப்பிப் பிடிக்க வேண்டும். இது வந்துவிட்டால் பூமியைச் சுற்றுவதுபோல் முழு வட்டமாக வீசும் ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ தானே வரும். அதைத் திறந்த வெளியில் மட்டும், நாற்புறமும் ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நாயை நடத்துவது என்று பெயர்பெற்ற வித்தையில், உறங்கும் யோயோவை மெல்லத் தரையில் இறக்கினால் அது முன்னே ஓடும். குழந்தைகள் கைதட்டுவார்கள். பாயின்மேல் செய்யுங்கள்.

தொட்டில் வித்தையைச் சற்று நின்று பழக வேண்டும், ஏனெனில் இரண்டு கைகளும் நூலோடு சேர்ந்து உழைப்பது இங்குதான் தொடங்குகிறது. முதலில் சுழலாத யோயோவைத் தொங்கவிட்டே பழகுங்கள். இடக்கை விரல்களை நூலின் நடுப்பகுதிக்குக் கொடுத்து, நூல் அவற்றின்மேல் மடிந்து தொங்கும்படி செய்யுங்கள். பிறகு வலக்கையைக் கீழே இறக்கி, யோயோவுக்கு அரைச் சாண் மேலே நூலைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்வி மேலே தூக்குங்கள். இடக்கை விரல்களை அகட்டினால் நூல் முக்கோணமாக விரியும்; அதன் நடுவே யோயோ முன்னும் பின்னும் ஆடும். வீட்டில் சேலையில் தூளி கட்டி ஆட்டியவர்களுக்கு அந்த ஆட்டத்தின் நிதானம் சொல்லாமலே தெரியும். எல்லாவற்றையும் கைவிட்டால் யோயோ கீழே இறங்கி, ஒரு சுண்டலில் கைக்கு வரும். சுழலாத யோயோவில் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வந்தபின்தான் சுழலும் யோயோவில் செய்ய வேண்டும். இனி வரும் எல்லா வித்தைக்கும் இந்த முறை பொருந்தும்.

அடுத்தது ‘டிரபீஸ்’, யோயோவை நூலின்மேலேயே இறக்குவது. இதுவே பின்னாளைய வித்தைகளுக்கெல்லாம் வாசல். யோயோவை நேர்கீழாக எறியாமல் வலப்பக்கம் தோள் உயரத்திலிருந்து பக்கவாட்டில் எறிந்தால், அது உடலின் முன்னே அரைவட்டமாக இடப்பக்கம் போகும். அங்கே இடக்கை ஆள்காட்டி விரலை நீட்டி நூலைத் தொட்டால், யோயோ விரலைச் சுற்றிக் கவிழ்ந்து நூலின்மேல் வந்து அமரும். விரல் யோயோவிலிருந்து நான்கு விரல்கடைக்குள் நூலைத் தொட வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். தூரத்தில் தொட்டால் யோயோ பெரிய வட்டமாகச் சுற்றி நூலைத் தவறவிடும்; மிக அருகில் தொட்டால் விரலில் அடிக்கும். நிலைக்கண்ணாடியின் முன் நின்றால் யோயோவும் நூலும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று தெரியும். எனக்கு இது வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று, அதிலும் குறை முழுவதும் எறிதலின் சாய்வில்தான் இருந்தது.

உடம்பும் யோயோவும்

நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். சுருக்கு இறுகி விரல் சிவந்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே கழற்றுங்கள். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி தொடங்கினால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். கணினி முன் நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் மணிக்கட்டைச் சுழற்றி இளக்கிவிட்டுத் தொடங்குவது அவசியம். கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்ற வேண்டாம். அது கண்ணுக்குக் காப்பு.

பேரிங்கில் இரைச்சல் வந்தால் பெரும்பாலும் தூசி காரணம். யோயோவைத் திருகிப் பிரித்து, பேரிங்கை எடுத்து ஊதித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயில் ஊசி முனையளவு மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசுக்கேறித் தூசியைச் சேர்க்கும். திசையன்விளைப் பக்கம் தேரிமண்ணில் பழகுபவர்கள் அந்தச் செம்மணல் உள்ளே போகாமல் ஒவ்வொரு நாளும் துணியில் சுற்றி வைப்பது நல்லது.

பேரிங்கை மாற்றும் நாள்

டிரபீஸ் பத்துக்கு எட்டு முறை அமரத் தொடங்கியதும் குறுகிய பேரிங்கை எடுத்துவிட்டு அகலமானதை மாட்டலாம். அன்றிலிருந்து யோயோ சுண்டலுக்கு வராது, பைண்டுக்கு மட்டுமே வரும். யோயோ நூலின்மேல் சுழன்றுகொண்டிருக்கும்போது இரண்டு கைகளையும் நெருக்கி நூலைத் தளர்த்தி, இரட்டையாக மடிந்த நூலை அது சுழலும் திசையிலேயே இடைவெளிக்குள் ஊட்ட வேண்டும். மடிந்த நூல் திரண்டு இரு பேடுகளுக்கும் இடையில் இறுகியதும் யோயோ சட்டென்று கவ்வி ஏறும். ஏறும் வேகம் சுண்டலில் வருவதைவிட அதிகம், ஆகவே உள்ளங்கையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த் திசையில் ஊட்டினால் நூல் வழுக்கி வெளியேறுமே தவிரப் பிடிக்காது.

நான் பழகத் தொடங்கிய பதினோராவது மாதத்தில், குறையுள்ளது என்று அலமாரியில் போட்டு வைத்திருந்த அந்த முதல் அலுமினிய யோயோவை எடுத்து, புது நூல் மாட்டி, தட்டட்டியில் நின்று எறிந்தேன். அது அசையாமல் உறங்கிற்று. நூலின்மேல் ஏற்றி, மடித்து ஊட்டினேன். அது நேராக வந்து கையில் அமர்ந்தது.